வேடிக்கை பார்க்கும் குழந்தையைச் சுமத்தல்

பிறந்த சில வாரங்களில் மார்போடு அணைத்துக்கொண்டால் அடங்கிவிடும் குழந்தை, ஆறாம் மாதம் கடந்து தானாக உட்காரத் தொடங்கியதும் தன்னைச் சுமப்பவரிடம் வேறொன்றை வேண்டி நிற்கிறது. முதற்பருவத்தில் அதற்குத் தேவைப்பட்டவை உடற்சூடும், பால்மணமும், இன்னும் நிற்காத கழுத்துக்கு ஓர் ஆதாரமும். அடுத்த பருவத்திலோ கழுத்து நின்று, முதுகு நிமிர்ந்து, எட்டியதையெல்லாம் பற்றும் கையும் எட்டாததையெல்லாம் தேடும் கண்ணுமாக அது மாறிவிடுகிறது. எடையும் ஏறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகோலின்படி ஒன்பது மாதப் பெண்குழந்தையின் இடைநிலை எடை, அதாவது அவ்வயதுக் குழந்தைகளை எடைவரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குழந்தையின் எடை, 8.2 கிலோ, ஆண்குழந்தைக்கு அது 8.9 கிலோ. இப்படி எடை கூடிய, ஓரிடத்தில் அடங்காத, வேடிக்கை பார்க்கும் ஆவல் மிகுந்த குழந்தையை உடலோடு பிணைத்துச் சுமக்க உதவும் துணியோ பையோ இன்று கடைகளிலும் வீடுகளிலும் ‘கேரியர்’ என்றே வழங்கப்படுகிறது. பட்டைகளின் மென்மையையும் விலையையும் கொண்டே பெரும்பாலும் அதைத் தேர்கிறார்கள். அவையும் பார்க்கவேண்டியவையே, எனினும் குழந்தையால் எதைப் பார்க்க முடிகிறது, பார்த்தபின் யார் முகத்தை நாட முடிகிறது என்பதே இப்பருவத்தில் சுகத்தின் முதல் அளவுகோல் என்பதை ஒரு குடும்பத்தின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

அக்குடும்பம் இக்கட்டுரையாளருடையது. சென்னை மேற்கு மாம்பலத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில் பெற்றோரும் தந்தைவழிப் பாட்டியும் சேர்ந்து வளர்த்த ஒரு பெண்குழந்தையைச் சுற்றியவை இந்நினைவுகள். ஸ்ட்ரோலர் எனப்படும் குழந்தைத் தள்ளுவண்டி அந்த வீட்டுக்கு உதவவில்லை என்பதற்குக் காரணம் தெருவிலேயே இருந்தது. நடைபாதை இருந்த இடங்களில் அதன்மேல் இருசக்கர வண்டிகள் நின்றன. வண்டி இல்லாத இடத்தில் மின்பெட்டி நின்றது. இரண்டும் இல்லாத இடத்தில் கடையின் படி நீண்டிருந்தது. மாம்பலம் ரயில் நிலையத்தைத் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தோடு இணைக்கும் ஆகாய நடைபாதை 2023இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய அந்த ஆண்டுகளில் தண்டவாளத்தின் மறுபுறம் போக வேண்டுமென்றால் படியேறி இறங்கி, ரங்கநாதன் தெருவின் நெரிசலில் கலந்தாக வேண்டும். சக்கரம் செல்லாத அத்தகைய இடங்களில் குழந்தை மனித உடலின்மீது ஏறித்தான் ஊரைப் பார்க்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கு எப்போதும் இருந்துவந்த விடை இடுப்பு. பாட்டி தம் பிள்ளைகளை வளர்த்தது வீட்டுக்குள் தூளியிலும் வெளியே இடுப்பிலுமாகத்தான். பேத்தியையும் அவர் அப்படியே தூக்கினார். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் குழந்தையின் புட்டம் அமர, கால்கள் இரண்டும் சுமப்பவரின் முன்னும் பின்னுமாக விரிந்து பற்றிக்கொள்ள, ஒரு கை முதுகை வளைத்துப் பிடித்திருக்கும் இந்நிலை, இடுப்பு மூட்டின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்பது இன்றைய மருத்துவத்தின் கருத்தோடு பொருந்துகிறது. தொடை எலும்பின் பந்துபோன்ற தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணக்குழியில் சரியாக அமராமல் போகும் குறையை இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு என்பர். இக்குறையைத் தடுப்பதற்காகச் செயல்படும் அனைத்துலக அமைப்பு, குழந்தையைச் சுமக்கும்போது தொடை முழுவதும் தாங்கப்பட்டு, கால்கள் விரிந்து, முழங்கால்கள் புட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும் என்று கூறுகிறது. முதல் ஆறு மாதங்களில் இது மிகவும் இன்றியமையாதது. அதன்பின் மூட்டு உறுதிப்பட்டுவிடுகிறது எனினும், தொடை தாங்கப்படாத குழந்தையின் எடை முழுவதும் இரு கால்களுக்கும் இடையிலுள்ள குறுகிய துணியில் இறங்கி உறுத்துவதால், பெரிய குழந்தைக்கும் அந்த விதி சுகத்தின் விதியாகவே நிற்கிறது.

இடுப்பின் இன்னொரு சிறப்பு பார்வையைச் சார்ந்தது. அங்கே அமர்ந்த குழந்தை முன்னால் தெருவையும் பின்னால் கடந்துபோனதையும் பார்க்கலாம். தலையைச் சற்றே திருப்பினால் சுமப்பவரின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்து, ஐந்தாம் மாதத்தைச் செங்கீரை என்றும், கைகொட்டும் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணி என்றும் வகுத்து, நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலியையும் ஒரு பருவமாக வைத்திருப்பது இங்கே நினைக்கத்தக்கது. சுட்டிக் காட்டுபவரும், காட்டப்படும் பொருளும், இரண்டையும் மாறிமாறிப் பார்க்கும் குழந்தையும் சேர்ந்ததே அம்புலி காட்டுதல். அது நடப்பதற்கு மிக இயல்பான இடம் இடுப்புதான்.

ஆனால் இடுப்புக்கு விலையும் உண்டு. எட்டுக் கிலோவை ஒரு பக்கம் ஏற்றியவுடன் எதிர்ப்பக்கம் முதுகு வளைகிறது. தூக்கிய கை வேறு எதற்கும் உதவாமல் போகிறது. மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றவும், கடையில் பணம் எடுக்கவும், குடை பிடிக்கவும் மறுகை ஒன்றே மிஞ்சுகிறது. அந்தத் தாய்க்கு ஒன்பதாம் மாதத்தில் மணிக்கட்டிலும் இடது கீழ்முதுகிலும் வலி நிலைத்துவிட்டது. ஆகவே இடுப்பு தருகின்ற பார்வையைக் கெடுக்காமல், அது கேட்கின்ற விலையைக் குறைக்கும் ஒரு துணை தேவைப்பட்டது.

வீட்டில் முன்பே இருந்தது, உறவினர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த, கங்காரு பை என்று கடைகளில் சொல்லப்படும் மார்புப் பை. இரு தோள்களிலும் மாட்டி முன்புறம் தொங்கவிடும் இப்பையின் அடிப்பகுதி குறுகலானது. மூன்றாம் மாதத்தில் அதில் உறங்கிய அதே குழந்தை, எட்டாம் மாதத்தில் இரு கைகளையும் தாயின் மார்பில் ஊன்றி உடலைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்தை இயன்றமட்டும் திருப்பி, தன் முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கப் போராடியது. பையில் ஏறிய உடனே வந்த அந்தச் சிணுங்கலைப் பசி என்றும் தூக்கம் என்றும் வீட்டார் பொருள்கொண்டனர். தெரு நாய் குரைக்கும் பக்கமாகத் தாய் திரும்பி நின்றவுடன் சிணுங்கல் நின்றதைக் கவனித்தபின்பே, கண்ணுக்குக் கிடைக்காததற்கான முறையீடு அது என்பது விளங்கியது.

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு, அதே பையில் குழந்தையை வெளிப்புறம் நோக்கி வைப்பது. கழுத்து நன்றாக நின்ற குழந்தைக்குக் குறுகிய நேரத்துக்கு இது இயலும். குழந்தையும் முதற்சில நிமிடங்கள் உற்சாகமாகக் கால்களை உதைத்தது. ஆயினும் வெளிநோக்கி அமரும்போது பற்றிக்கொள்ள உடல் இல்லாததால் கால்கள் நேராகத் தொங்குகின்றன. இயல்பாகச் சற்று வளைந்திருக்க வேண்டிய முதுகு சுமப்பவரின் மார்போடு ஒட்டி நிமிர்த்தப்படுகிறது. முன்னோக்கி விலகும் எடையைச் சமன்செய்ய, சுமப்பவர் பின்னுக்குச் சாய வேண்டியதாகிறது. இவற்றினும் பெரிய குறை, காட்சி மிகுந்துபோனால் திரும்பிக்கொள்ள முகம் இல்லை என்பது. ரங்கநாதன் தெருவில் எதிரே வரும் ஒவ்வொரு முகமும் ஒலிபெருக்கியும் விளக்கும் நேரே வந்து மோத, அவை அஞ்சத்தக்கவையா விரும்பத்தக்கவையா என்று கேட்டறிய வழியில்லாமல் குழந்தை விறைத்து, பிறகு வீறிட்டது.

புரியாத ஒன்றைக் கண்டதும் நம்பிக்கைக்குரியவரின் முகத்தைப் பார்த்து அதிலிருந்து பொருள் கொள்ளும் வழக்கத்தை உளவியலார் சமூகவழிக் குறிப்பறிதல் என்ற பொருளில் பேசுவர். முதலாண்டின் பிற்பாதியில் இது வலுப்பெறுகிறது. இதைக் காட்டும் புகழ்பெற்ற சோதனை, 1985இல் ஜேம்ஸ் சோர்ஸ், ராபர்ட் எம்டி, ஜோசப் காம்போஸ், மேரி கிளின்னர்ட் ஆகியோர் வெளியிட்டது. கண்ணாடித் தளத்தின் கீழே பள்ளம் இருப்பதுபோல் தோன்றும் மேசையில் ஓராண்டுக் குழந்தைகளை விட்டு, எதிர்ப்புறம் தாயை நிற்கவைத்தார்கள். தாய் மகிழ்ச்சி காட்டியபோது பெரும்பாலான குழந்தைகள் பள்ளத்தைக் கடந்தன. அச்சம் காட்டியபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. காலடியில் பள்ளம் உண்டா என்பதையே தாயின் முகத்தில் படித்துத் தெளியும் வயதில் அந்த முகத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு ஊரைக் காட்டுவது, காட்சியைத் தந்து அதற்கான துணையைப் பறிப்பதாகும்.

ஆகவே அந்த வீடு மீண்டும் இடுப்பை நோக்கித் திரும்பியது. இம்முறை ரிங் ஸ்லிங் எனப்படும் வளையத் துணியோடு. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள துணியின் ஒரு முனையில் இரண்டு உலோக வளையங்கள் தைக்கப்பட்டிருக்கும். மறுமுனை இரண்டு வளையங்களுக்குள்ளும் ஒன்றாக நுழைந்து, ஒன்றின்மேல் மடங்கி மற்றதன் ஊடாக வெளிவரும். எடை அமர்ந்ததும் வளையங்கள் துணியைக் கவ்வித் தாமே பூட்டிக்கொள்ளும். துணியில் குழந்தையைக் கட்டுவது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மெக்சிகோவிலும் பழைய வழக்கமே. முடிச்சுக்குப் பதில் வளையம் வைத்த இவ்வடிவத்தை 1981இல் ஹவாயில் ரேனர் கார்னர் தம் மனைவிக்காகச் செய்தார் என்பதும், வில்லியம் சியர்ஸ் என்ற குழந்தை மருத்துவரால் அது அமெரிக்காவில் பரவியது என்பதும் அதன் அண்மை வரலாறு.

இதைக் கட்டுவதில் உள்ள நுட்பத்தை அந்தத் தாய் நிலைக்கண்ணாடி முன் நின்று கற்றார். வளையங்கள் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே இருக்க, துணி தோளில் விரிந்து முதுகின் குறுக்கே இறங்க வேண்டும். குழந்தையை எதிர்ப்பக்க இடுப்பில் அமர்த்தி, துணியின் கீழ்விளிம்பை ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை கொண்டுவந்து, மிஞ்சும் துணியை இருவர் வயிற்றுக்கும் நடுவே மேலே செருக வேண்டும். இவ்வாறு உண்டாகும் குழிவே ‘இருக்கை’. காலை உதைத்து நிமிரும் வயதுக் குழந்தை வழுக்காமல் இருப்பது இந்த இருக்கையின் ஆழத்தால்தான். பிறகு துணியை ஒரேயடியாக இழுக்காமல், மேல்விளிம்பு, நடு, கீழ்விளிம்பு என்று பகுதி பகுதியாக இழுத்து இறுக்க வேண்டும். மேல்விளிம்பு அக்குள் உயரத்தில் முதுகைத் தாங்கினால் கைகள் இரண்டும் வெளியே இருக்கலாம். உறக்கம் வந்தால் அதே விளிம்பைப் பிடரிவரை உயர்த்திவிடலாம்.

ஆரிய கௌடா சாலையின் காலைநேரத்தில் அத்துணியின் பயன் தெளிவாகத் தெரிந்தது. பூக்கார அம்மா முழம்போட்டுக் கொண்டிருக்கையில் குழந்தை உடம்பை நீட்டிக் கூடைக்குள் குனியும். துணி அதன் முதுகோடு சேர்ந்து வளைந்து கொடுத்து, எல்லை வந்ததும் தடுக்கும். பூக்கார அம்மா, “எந்தப் பூடி கண்ணு வேணும்?” என்று கேட்டதும் குழந்தை விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்க்கும், தாய் சிரித்து, “மல்லி” என்று சொன்னதும் மீண்டும் கூடையைப் பார்க்கும். பொருளும் பெயரும் முகமும் சில நொடிகளில் ஒன்றுசேரும் இந்தச் சுற்று ஒவ்வொரு கடையிலும் நிகழ்ந்தது. சந்தைக்குப் போய்வரும் அந்தச் சிறுபொழுது குழந்தைக்கு மொழிப்பாடமாகவும் இருந்தது என்பதைப் பிற்பாடு அதன் முதற்சொற்களில் பூவும் காய்களும் முந்திக்கொண்டு வந்தபோது வீட்டார் உணர்ந்தனர். ஏற்றுவதும் இறக்குவதும் நொடிப்பொழுது வேலை என்பதால், நடைபழகத் தொடங்கி ‘இறக்கு, தூக்கு’ என்று மாறிமாறிக் கேட்கும் பருவத்துக்கும் இத்துணி பொருந்தியது.

எனினும் எடை ஒரே தோளில் இறங்கும் எந்தத் துணியும் நெடுநேரத்துக்கு உதவாது. தோளை மாற்றிக்கொள்வது ஓரளவே துணைசெய்யும். ரயிலேறி உறவினர் வீட்டுக்குச் செல்லும் நாட்களுக்கு அந்த வீடு தேர்ந்தது, இடுப்பில் அகன்ற பெல்ட்டும் இரு தோள்களுக்கும் பஞ்சுவைத்த பட்டைகளும் கொண்ட பக்கிள் கேரியரை முதுகில் அணிவது. முதுகில் சுமப்பதை மேலைநாட்டுக் கடைகளுக்குக் கொண்டுசென்றவர்களுள் முன்னோடி ஆன் மூர் என்ற செவிலியர். அமெரிக்க அமைதிப் படையின் பணிக்காக 1960களின் தொடக்கத்தில் டோகோ நாட்டில் இருந்தபோது, அங்குள்ள தாய்மார் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதைக் கண்டு, நாடு திரும்பியபின் தம் தாயின் தையல் உதவியோடு ஒரு பையை உருவாக்கி 1969இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் இரட்டைக் குழந்தைகளின் தாயான எரிகா ஹோஃப்மன், மெக்சிகோவின் ரெபோசோ என்னும் துணியில் தம் பிள்ளைகளைச் சுமந்து, 1972இல் நெய்த நீளத்துணிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இன்றைய கேரியர்களில் பலவும் இவ்வாறு வேற்றுநாட்டுத் தாய்மாரிடம் கண்டு கற்றவற்றின் வளர்ச்சியே என்பதை அவற்றை வாங்குவோர் அறிந்திருப்பது நன்று.

முதுகுச் சுமையிலும் பார்வையே அளவுகோல். பெல்ட்டை இடுப்பெலும்பில் தாழ்வாகக் கட்டினால் குழந்தைக்குத் தெரிவது சுமப்பவரின் சட்டை மட்டுமே. பெல்ட்டை மேலே, விலாவுக்குக் கீழே வரும்படி உயர்த்திக் கட்டினால் குழந்தையின் கண் தோளுக்குமேல் எழுந்து, தந்தை பார்க்கும் சாலையையே அதுவும் பார்க்கிறது. அவர் தலையைத் திருப்பினால் கன்னத்தோடு கன்னம் உரசுகிறது. ஜப்பானியரின் ஒன்புஹிமோ என்னும் வகை, இடுப்புப் பெல்ட்டே இல்லாமல் குழந்தையை முதுகின் மேற்பகுதியில் உயர்த்தி அமர்த்துவதும் இந்தக் காரணத்துக்குப் பொருந்துவதே. தானாக உட்காரும் குழந்தைகளுக்கு மட்டுமே அது ஏற்றது. பாட்டிக்கு முதுகு ஒப்பவில்லை. “கண்ணுக்குத் தெரியாம முதுகுல கட்டிக்கிட்டா புள்ள வாயில என்னத்தப் போடுதுன்னு யாருப்பா பாக்குறது?” என்று அவர் மகனிடம் கேட்டது நியாயமான கேள்வி. அதன்பின் முதுகில் சுமக்கும்போது கூட ஒருவர் பின்னால் நடப்பதும், தனியே செல்லும்போது கைப்பேசியின் திரையைக் கண்ணாடியாகப் பிடித்து அடிக்கடி பார்ப்பதும், ஏற்றி இறக்கும்போது கட்டிலருகே நின்று செய்வதும் வீட்டின் விதிகளாயின.

துணியின் தேர்வைச் சென்னையின் வெயில் முடிவு செய்தது. இரண்டு உடல்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் காற்று புகாது. கேரியரின் துணி குழந்தைக்கு மேலும் ஓர் ஆடைக்குச் சமம் என்பதால் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றே போதும். தடித்த பஞ்சுப் பட்டைகள் கடையில் தொட்டுப்பார்க்க இதமாக இருந்தாலும் மே மாதத்தில் வியர்வையைத் தேக்கிவைத்தன. பழைய பருத்திச் சேலை மிருதுவானது, வீட்டிலேயே இருப்பது. தூளிக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் சுமப்பதற்கென நெய்யப்படும் துணிகள் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அகலத்தில், மூலைவாட்டில் மட்டும் சற்று நெகிழும்படி நெய்யப்படுகையில், சேலையோ ஒரு மீட்டருக்கும் மேல் அகலமும் மெல்லிய இழையும் கொண்டிருப்பதால், தோளில் சுருண்டு கயிறாகி அழுத்துகிறது. நைந்த இடம் எடையில் கிழியவும் கூடும். உறுதியான இழையில் நெருக்கமாக நெய்த பருத்தியும் லினனுமே அந்த வீட்டில் நிலைத்தன. குழந்தையின் பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பார்த்து, சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் இறக்கித் தண்ணீர் கொடுப்பது வழக்கமாயிற்று.

பாதுகாப்பு பற்றிய விதிகள் பருவத்தோடு மாறுகின்றன. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010இல் துணித் தூக்கிகளைப் பற்றி எச்சரித்தபோது, நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சு அடைபடும் ஆபத்தை முதன்மையாகச் சுட்டியது. பெரிய குழந்தைக்கு அந்த ஆபத்து குறைந்து, எட்டிச் சாய்ந்து விழும் ஆபத்தும், கைக்கு எட்டியதைப் பற்றும் ஆபத்தும் கூடுகின்றன. ஆகவே அடுப்பின் அருகே கேரியருக்கு இடமில்லை. குனியும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடிக்க வேண்டும். வளையத்தையும் தையலையும் பக்கிளையும் ஒவ்வொரு முறையும் பார்த்தபின் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டுச் சாலைகளில் நாள்தோறும் காணும் ஒன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: கேரியர் அணிந்து இருசக்கர வண்டியில் ஏறுவது பாதுகாப்பு ஆகாது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளை இருசக்கர வண்டியில் ஏற்றினால், அதற்கென வடிவமைத்த பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று மைய அரசு 2022இல் விதி வகுத்தது. நடப்பவருக்காகச் செய்த கேரியர் அந்தப் பட்டைக்கு மாற்றல்ல.

ஒரே கேரியர் எல்லா வேளைக்கும் உதவும் என்ற எதிர்பார்ப்பை அந்த வீடு நாளடைவில் கைவிட்டது. அருகிலுள்ள கடைகளுக்கு வளையத் துணி, நெடும்பயணத்துக்கு முதுகு, வீட்டுக்குள் பாட்டியின் இடுப்பு என்று வேலை பங்கிடப்பட்டது. வாங்குவதற்கு முன் கேரியரை அணிந்து கால்மணி நேரமாவது நடந்து பார்ப்பதும், அப்போது குழந்தை உடலைத் தள்ளி விறைக்கிறதா, தொடை தாங்கப்பட்டிருக்கிறதா, பார்த்த பொருளிலிருந்து சுமப்பவர் முகத்துக்குக் கண் தடையின்றிச் சென்று மீள்கிறதா என்று கவனிப்பதும் எந்த விளம்பரத்தையும்விட நம்பத்தக்க வழிகாட்டிகள்.

இவ்வறிவு விலையுயர்ந்த பொருள் வாங்கும் வீடுகளுக்கு மட்டும் உரியதாக இருக்கலாகாது. தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணைக்காக ஒன்பதாம் மாதம் நிறைந்ததும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் சுகாதார நிலையத்துக்கு வருகின்றன. வேடிக்கை பார்க்கும் ஆவல் பொங்கும் வயதும் அதுவே. அந்த வருகையின்போது எடையும் உயரமும் குறிக்கும் செவிலியர், தாய் குழந்தையை எப்படித் தூக்கி வந்திருக்கிறார் என்பதையும் ஒருமுறை நோக்கி, தொடையைத் தாங்கும் முறையையும், தோளை மாற்றும் முறையையும், இடுப்பில் வைத்துக்கொண்டு கண்டதையெல்லாம் பெயர்சொல்லிக் காட்ட வேண்டியதன் தேவையையும் ஐந்து நிமிடம் எடுத்துச் சொன்னால், கூலிவேலைக்குச் செல்லும் தாயின் முதுகுக்கும் அவர் குழந்தையின் அறிவுக்கும் அது ஒருசேர நன்மை செய்யும். அதற்குத் தேவையான செலவு ஒன்றும் இல்லை; குழந்தையைச் சுமப்பதும் கற்றுத்தரத் தக்க ஒரு திறன் என்ற மதிப்பு மட்டுமே தேவை.